மனைவிக்குப் பாதி, கைம்பெண்ணுக்கு முக்கால்: அமெரிக்க முதியோர் காப்பீட்டில் 1939-இன் ஒரு விதி

1935-இன் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழிலாளியின் மனைவிக்கு மாதத் தொகை எதுவும் இல்லை. தொழிலாளி 65 வயதுக்கு முன் இறந்தால், சட்டத்தின்கீழ் ஈட்டிய ஊதியத்தில் 3.5 விழுக்காடு ஒரே தவணையாகக் கிடைக்கும், அவ்வளவே. 1939 ஆகஸ்டில் வந்த திருத்தம், 65 வயதான மனைவிக்குக் கணவரின் தொகையில் பாதியும் கைம்பெண்ணுக்கு முக்கால் பங்கும் தந்தது.

இம்மாற்றத்தை விளக்குவோர் பெரும்பாலும் வரலாற்றாசிரியர் ஆலிஸ் கெஸ்லர்-ஹாரிஸைப் பின்பற்றுகின்றனர். ஆணே குடும்பத்தின் உழைப்பாளி என்ற எண்ணமே திருத்தத்தை வடித்தது என்பது 2001-இல் வந்த அவரது நூலின் வாதம். ஜே. டக்ளஸ் பிரௌன் தலைமையிலான ஆலோசனைக் குழுவின் விவாதங்கள் அதற்கு வலுவான சான்று. தனித்து வாழும் ஆண் உணவகத்தை நாட வேண்டும், பெண் தானே சமைத்துக்கொள்வாள், ஆகவே அவளுக்குக் குறைவாகவே போதும் என்ற தர்க்கம் அங்கு வெளிப்படையாகவே பேசப்பட்டது.

ஆனால் இவ்வாசிப்பு பணக் கணக்கைப் பின்தள்ளிவிடுகிறது. 1937 ஜனவரியிலேயே வரி பிடித்தம் தொடங்கிவிட்டது. மாதத் தொகையோ 1942-இல்தான் தொடங்கவிருந்தது. 1980-க்குள் 4,700 கோடி டாலர் இருப்பு சேரும் என்ற மதிப்பீட்டைச் செனட்டர் ஆர்தர் வாண்டன்பர்க் கடுமையாகத் தாக்கினார். தனியாள் தொகையை உயர்த்தாமலே தொடக்க ஆண்டுகளில் கூடுதலாகச் செலவிட, மனைவிக்கான பாதி வசதியான வழி. எண்ணமும் கணக்கும் சேர்ந்தே இயங்கின என்று சொல்லிவிடலாம். ஆயினும் எது முந்தியது என்பதற்கு 209-ஆம் பிரிவின் வரையறைகள் ஒரு தடயம் தருகின்றன.

அப்பிரிவின்படி, மனைவி என்பவர் கணவரின் மகனுக்கோ மகளுக்கோ தாயாக இருக்க வேண்டும். இல்லையேல் 1939 ஜனவரி 1-க்கு முன்போ, அதற்குப் பின்னாயின் கணவருக்கு 60 வயது நிறைவதற்கு முன்போ மணந்திருக்க வேண்டும். கைம்பெண்ணுக்கு வரையறை வேறு: பிள்ளை இல்லையெனில், கணவர் இறந்த மாதத்துக்கு முந்தைய பன்னிரண்டாம் மாதத் தொடக்கத்துக்கு முன் மணந்திருந்தால் போதும். 63 வயதானவரை 1939 மார்ச்சில் மணந்த, பிள்ளையில்லாத பெண்ணுக்கு அவர் உயிரோடிருக்கும்வரை எதுவும் இல்லை. 1945-இல் அவர் இறந்தால், மற்றத் தகுதிகள் இருப்பின், முக்கால் பங்கு உண்டு.

சார்ந்து வாழ்வதே அளவுகோலாக இருந்திருந்தால், ஒரே பெண் கணவர் இருக்கையில் தகுதியற்றவராகவும் இறந்தபின் தகுதியுள்ளவராகவும் ஆக முடியாது. இது தொகைக்காகவே நடக்கும் திருமணங்களுக்குக் காப்பீட்டுக்காரர் போடும் வேலி. குழுவின் அறிக்கை 1938 டிசம்பரில் வெளிவந்தது. ஜனவரி 1 என்ற எல்லை அச்செய்தி பரவுமுன் நடந்த மணங்களை மட்டும் ஏற்கும் நோக்கத்தைக் காட்டுகிறது. மாதத் தொகை 1940 ஜனவரியில் தொடங்கவிருந்ததால், ஓராண்டு முந்தைய நாளை வசதிக்காக எடுத்தனர் என்றும் கொள்ளலாம். சட்டம் காரணம் கூறவில்லை. தாய்க்குத் தரப்பட்ட விலக்கும் இருபுறமும் இழுபடும்: கெஸ்லர்-ஹாரிஸுக்கு அது தாய்மைக்கான மதிப்பு, மறுபுறம், மணம் போலியல்ல என்பதற்குப் பிள்ளையே ஆதாரம்.

1950-க்கு வரும்போது அவரது வாசிப்பே வலுக்கிறது. அவ்வாண்டு கணவர்களுக்கும் தொகை வந்தது, ஆனால் தம் வாழ்க்கைச் செலவில் பாதியேனும் மனைவி தந்தார் என்று அவர்கள் நிறுவ வேண்டியிருந்தது. மனைவியிடம் அத்தகைய ஆதாரம் கேட்கப்படவில்லை. மனைவியை இழந்த கணவருக்கான இந்நிபந்தனையை 1977 மார்ச்சில் கோல்ட்ஃபார்ப் வழக்கில் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீக்கியது.

உடனே செலவுக் கணக்கு திரும்பிவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் காங்கிரஸ், சமூகப் பாதுகாப்பு வரி செலுத்தாத அரசுப் பணியில் ஓய்வூதியம் பெறுவோரின் துணைவர் தொகையிலிருந்து அவ்வோய்வூதியத்தைக் கழித்தது; 1983-இல் கழிவு மூன்றில் இரண்டு பங்காயிற்று. ஆண்களைக் கருதி வந்த இவ்விதியின் சுமை பெரும்பாலும் ஆசிரியைகள் உள்ளிட்ட பெண்கள் மீது விழுந்தது. 2025 ஜனவரி 5-இல் கையெழுத்தான சட்டம் அதை, 2024 ஜனவரி முதலான தொகைகளுக்கு, முற்றிலும் நீக்கியது.