நெசவாளிகள் கொண்டுபோன கோப்பை

தோற்றவனுக்கு மறு ஆட்டம் கிடையாது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்ற பந்தயத்தில் எனக்குத் தனி மோகம். கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கக் கோப்பை அந்த ரகம். ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்குள் நடந்த போட்டியை மனத்தில் வைத்து, அங்கே படித்த சார்லஸ் ஆல்காக் 1871-ல் இந்த யோசனையைச் சொன்னார். முதல் வருஷம் பெயர் கொடுத்தவை 15 கோஷ்டிகளே. அதன் பிறகு 1882 வரை கோப்பை கனவான்களின் கையை விட்டு நகரவில்லை.

1883-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் இறுதி ஆட்டம். ஒரு பக்கம், முந்தின வருஷம் ஜயித்த ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். மறு பக்கம், பஞ்சாலை ஊரான பிளாக்பர்னிலிருந்து வந்த ஒலிம்பிக் கோஷ்டி. அதிலே நெசவாளி உண்டு; நூல் நூற்பவன் உண்டு; குழாய் வேலைக்காரனும் உண்டு. உள்ளூர் இரும்பாலை முதலாளி ஒருவர் பணம் கொடுக்க, பிளாக்பூல் கடற்கரையில் தங்கிப் பயிற்சி செய்துவிட்டு வந்திருந்தார்கள். ஆளுக்கொரு கோல்; சமம். கூடுதல் நேரத்தில் காஸ்ட்லி என்பவன் இரண்டாவது கோலைப் போட்டான். கோப்பை வடக்கே போயிற்று.

அன்றுமுதல் கனவான் கோஷ்டி எதுவும் அதை மீட்கவில்லை. 1885-ல் கூலி வாங்கி ஆடுவதும் சட்டமாயிற்று. ஆனால் கூலி கொடுக்க முடியாமல் தவித்த ஒலிம்பிக், 1889-ல் கலைந்தே போயிற்று!

கதவைத் திறந்துவிட்டவன் வெளியே நின்றான். இருந்தாலும் கதவு திறந்ததே, அது போதாதா? இன்றும் சிற்றூர்க் கோஷ்டிகள் நூற்றுக்கணக்கில் அந்தக் கோப்பைக்காகக் களத்தில் இறங்குகின்றன.