துருவக் கடல்களில் கப்பற்புகைக் கட்டுப்பாடு: இரு தடைகளின் வரலாறு

முன்னுரை

கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் எஞ்சும் கெட்டியான கன எரியெண்ணெய், பெருங்கப்பல்களுக்கு மலிவான எரிபொருளாகும். குளிர்கடலில் கசிந்தால் அது எளிதில் சிதையாது. எரியும்போது எழும் புகைக்கரி பனிமீது படிந்து, வெயிலை ஈர்த்து, பனியின் உருகுதலை விரைவுபடுத்துகிறது. இவ்வெண்ணெய்க்கு அன்டார்க்டிக் கடலில் 2011இல் தடை வந்தது. ஆர்க்டிக் கடலிலோ 2024இல்தான், அதுவும் பல விலக்குகளுடன் வந்தது. இவ்வேறுபாட்டின் வரலாற்றுக் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

உரிமைக் கோரிக்கை உறைந்த தென்கடல்

1959ஆம் ஆண்டின் அன்டார்க்டிக் உடன்படிக்கை, நாடுகளின் நிலவுரிமைக் கோரிக்கைகளை இருந்த நிலையிலேயே நிறுத்திவைத்தது. 1991ஆம் ஆண்டின் மாட்ரிட் நெறிமுறை அக்கண்டத்தை அமைதிக்கும் அறிவியலுக்கும் உரிய இயற்கைக் காப்பிடமாக்கியது. தன் கரையோர வணிகத்துக்காக விலக்குக் கேட்க வேண்டிய அரசு எதுவும் அங்கு இல்லை. தென் அகலாங்கு 60 பாகைக்குத் தெற்கே கன எரியெண்ணெயைப் பயன்படுத்துவதையும் சுமந்துசெல்வதையும் தடுக்கும் விதியைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2010இல் ஏற்றது. கப்பற்பாதுகாப்பு, மீட்புப் பணிக் கலங்கள் நீங்கலாக, 2011 ஆகஸ்ட் 1 முதல் அவ்விதி நடைமுறைக்கு வந்தது.

கரையரசுகளின் வடகடல்

ஆர்க்டிக்கில் நிலைமை வேறு. 1969இல் ‘மன்ஹாட்டன்’ என்னும் அமெரிக்க எண்ணெய்க் கப்பல் வடமேற்குப் பாதையைக் கடந்ததும், கனடா 1970இல் ஆர்க்டிக் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. பனி மூடிய கடற்பகுதிகளில் கரையோர நாடுகள் பாகுபாடற்ற மாசுத் தடுப்பு விதிகளை வகுக்கலாம் என 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை 234ஆம் உறுப்பில் ஒப்புக்கொண்டது. அதாவது, இங்குக் கடற்காப்பு அரசுரிமையின் கருவியாகவே தொடங்கியது.

அதே அரசுரிமை பின்னர்த் தயக்கத்துக்கும் இடமளித்தது. 2017இல் நடைமுறைக்கு வந்த துருவ நெறித்தொகுப்பு, ஆர்க்டிக்கில் கன எரியெண்ணெயைத் தவிர்க்குமாறு பரிந்துரைக்க மட்டுமே செய்தது. 2021இல் ஏற்கப்பட்ட தடை 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ளது. எனினும், எரிபொருள் தொட்டிகளுக்கு இரட்டைச் சுவர்க் காப்புடைய கப்பல்களுக்கு 2029 ஜூலை வரை விலக்கு உண்டு. தம் கொடியேந்திய கப்பல்களுக்குத் தம் கடற்பரப்பில் அதுவரை விலக்களிக்கக் கரையோர நாடுகளுக்கும் உரிமையுண்டு. தொலைதூரக் குடியிருப்புகளுக்குக் கப்பலில் வரும் பொருள்களின் விலை உயரும் என்னும் அச்சம் இதற்கு ஒரு காரணம்.

எண்ணெய்ச் சட்டமும் புகையும்

இரு தடைகளும் மார்பொல் உடன்படிக்கையில் எண்ணெய் மாசு பற்றிய முதல் இணைப்பில் இடம்பெறுகின்றன. காற்று மாசு பற்றிய ஆறாம் இணைப்பில் அல்ல. சட்டத்தின் கண் கசிவின்மீதே இருந்தது. புகை குறைவது உடன்விளைவு மட்டுமே. 2020இல் எரிபொருளின் கந்தக அளவு 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. புகைக்கரிக்கோ கட்டாய வரம்பு வகுக்கப்படவில்லை. தூய எரிபொருளுக்குத் தாமாக மாறுமாறு 2021இல் நிறைவேறிய தீர்மானம் வேண்டுகோளாகவே நிற்கிறது.

முடிவுரை

தென்கடலில் அரசுரிமை ஒதுங்கி நின்றதால் தடை எளிதாயிற்று. வடகடலில் அரசுரிமையே காப்பைத் தொடங்கியது, பின்னர் அதைத் தாமதப்படுத்தவும் செய்தது. ஆயினும், 2029இல் விலக்குகள் முடிந்தாலும் புகைக்கரிச் சிக்கல் தானாகத் தீராது. கசிவுக்கென எழுதப்பட்ட விதி புகைக்கான விதியாகாது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை.