பங்கீட்டிலிருந்து கண்காணிப்புக்கு: அந்தமான் அரசுக் கல்லூரிகளும் கணினிப் பயன்பாட்டு விதிகளும்

இந்தியாவின் அரசுக் கல்லூரி கம்ப்யூட்டர் லேப் வாசல்களில் ஒட்டப்படும் விதித்தாள்களுக்குப் பொதுவான ஒரு சாயல் உண்டு. செருப்பை வெளியே விடவும். பென் டிரைவ் கொண்டுவரக் கூடாது. பாட்டு, படம் இறக்கக் கூடாது. வந்த நேரமும் போன நேரமும் பதிவேட்டில் எழுதவும். வாசிப்பவருக்கு இவை ஒழுக்க விதிகளாகத் தோன்றும். வரலாற்றைப் பார்த்தால் பெரும்பாலானவை பங்கீட்டு விதிகள். எது குறைவாக இருந்ததோ அதை எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கப் பிறந்தவை. அந்தப் பற்றாக்குறை அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மற்ற இடங்களைவிடக் கடுமையாக இருந்தது. அது தளர்ந்த நாளையும் இங்கே தேதியிட்டுச் சொல்ல முடிகிறது. அதனால்தான் இத்தீவுகளைக் களமாகக் கொள்கிறேன். பற்றாக்குறை தளர்ந்த பின்னும் விதிகள் ஏன் தளரவில்லை என்பதே கேள்வி.

போர்ட் பிளேயரில் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) ஜவஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா 1967இல் தொடங்கியது. முதலில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. 1985இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் உருவான பின் அதன் எல்லைக்குள் வந்தது. மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி 1990இல் வந்தது. இந்த ஆண்டுகளில் இந்தியக் கல்வி வலைப்பின்னல் பெருநகரங்களுக்குள்தான் இருந்தது. மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986இல் தொடங்கிய எர்நெட், ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் போன்ற சில நிறுவனங்களை மட்டுமே இணைத்தது. அமெரிக்காவில் என்.எஸ்.எஃப்.நெட் என்ற ஆய்வு வலைப்பின்னல் இலாப நோக்கிலான பயன்பாட்டுக்கும் பெருமளவிலான சொந்த வேலைக்கும் தடை விதித்திருந்தது. பின்னர் உலகெங்கும் கல்லூரிகள் எழுதிக்கொண்ட பயன்பாட்டுக் கொள்கைகளுக்கு அது ஒரு முன்மாதிரி. வரிப்பணத்தில் ஓடும் கம்பியில் தனியார் வியாபாரம் ஏறக்கூடாது என்பது அதன் நியாயம். அந்தமானில் யார் ஏறலாம் என்று கேட்பதற்கே கம்பி இல்லை.

செயற்கைக்கோள்தான் ஒரே வழி. புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரு செய்தி மேலே போய்க் கீழே இறங்கக் கால் நொடி. பதில் வந்து சேர இன்னொரு கால் நொடி. ஓர் இணையப் பக்கம் திறக்கப் பல முறை இப்படிக் கேட்டுப் பதில் வாங்க வேண்டும் என்பதால், வேகம் போதுமானதாக இருந்தாலும் திரை தாமதிக்கும். வேகமும் போதவில்லை.

ஒரு கணக்குப் போடலாம். கல்லூரிகளுக்கு இணையம் தரும் தேசியத் திட்டம் 2009இல் தொடங்கியபோது, ஓர் இணைப்பின் வேகம் 512 கிலோபிட் என்று வைக்கப்பட்டது. அதை 30 கம்ப்யூட்டர்கள் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 17 கிலோபிட். பழைய டயல்-அப் மோடமே 56 கொடுத்தது. அந்த இணைப்பில் 700 மெகாபைட் படம் ஒன்றை ஒரு மாணவர் இறக்கினால், மற்ற 29 பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் மூன்று மணி நேரம் ஆகும். 'படம் இறக்காதே' என்ற வரிக்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்கு. ஆனால் தாளில் கணக்கு இல்லை, தடை மட்டுமே இருந்தது. காரணம் எழுதாத தடை நாளடைவில் நன்னடத்தை போதனையாக மாறிவிடுகிறது. என் பார்வையில் இந்த வரலாற்றின் முக்கியமான பிசகு அங்கேதான் நேர்ந்தது.

எந்த மென்பொருளையும் நிறுவக் கூடாது என்ற விதியும் அப்படித்தான். வைரஸ் பயத்தில் வந்தது, நியாயமானது. யூனிகோடு பரவும் முன் தமிழ் நாளிதழ்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. எழுத்துருவை நிறுவாமல் பக்கத்தை வாசிக்க முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். விதியை அப்படியே கடைப்பிடித்த எந்த லேபிலும் ஆங்கிலச் செய்தி திறக்கும், தமிழ்ச் செய்தி கட்டம் கட்டமாக நிற்கும். யாரும் தமிழைத் தடை செய்யவில்லை. விதி அதைத் தானாகவே செய்தது.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது தகவல் தொடர்பு பல தீவுகளில் அறுந்தது. அப்போது பாரதி பிரசாத் தலைமையில் அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று தற்செயலாகப் போர்ட் பிளேயரில் இருந்தது. உலகெங்குமுள்ள பொழுதுபோக்கு வானொலியாளர்களோடு பேச அனுமதி பெற்று வந்த குழு அது. அதே கருவிகள் அன்று மீட்புச் செய்திகளைச் சுமந்தன. கல்லூரி விதிகளோடு இதற்கு நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனால் 'அனுமதிக்கப்பட்ட பயன்' எவ்வளவு விரைவில் மாற வேண்டிவரும் என்பதற்கு இத்தீவுகளில் இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இதற்கிடையே சட்டம் வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 43ஆம் பிரிவு, உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் கணினிக்குள் நுழைவதையும் தரவு எடுப்பதையும் இழப்பீட்டுக்குரிய செயலாக்கியது. 2009 அக்டோபரில் அமலான திருத்தத்தின்படி, அதையே கபடமாகச் செய்தால் 66ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. இரண்டுமே 'அனுமதி' என்ற அச்சில் சுழல்கின்றன. அரசுக் கல்லூரியில் அந்த அனுமதியைத் தருபவர் முதல்வரா, துறைத் தலைவரா, சாவி வைத்திருக்கும் லேப் உதவியாளரா? சட்டம் பெயர் சொல்லவில்லை. ஆகவே சுவரில் ஒட்டிய தாள், எழுதியவர் நினைத்துப் பார்க்காத சட்ட எடையைப் பெற்றது. எது அனுமதி, எது மீறல் என்று காட்டும் ஆவணமாக வழக்கில் அதுவே நிற்கக்கூடும்.

அதே திருத்தம் கொண்டுவந்த 66-ஏ பிரிவு, எரிச்சலூட்டும் செய்தி அனுப்புவதையும் குற்றமாக்கியது. 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் அதன் கீழ் தொடர்ந்து வழக்குகள் பதிவாவதைக் கேட்டு 2021இல் அதே நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. காவல் நிலையங்களுக்கே செய்தி எட்டாதபோது, லேப் தாள்களைத் திருத்துவோர் யார்? மத்திய அரசு 2015இல் அரசிதழில் வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப வளப் பயன்பாட்டுக் கொள்கை அரசு ஊழியரை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆசிரியருக்கு அது பொருந்தலாம். மாணவர் ஊழியரல்லர், ஊழியருக்கான கட்டுப்பாட்டை அவர் மீது சாத்துவது தவறு.

மாணவர் பக்கம் நின்ற தீர்ப்பு கேரளத்திலிருந்து வந்தது. கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூர் கல்லூரியின் மகளிர் விடுதியில் மாலை 6 முதல் 10 வரை கைபேசிக்குத் தடை இருந்தது. அதை ஏற்க மறுத்து வெளியேற்றப்பட்ட மாணவி வழக்குத் தொடுத்தார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பர் 19இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தமான், கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அதிகார வரம்பில் வருகிறது. எனவே கேரளத் தீர்ப்பை அங்கே மேற்கோள் காட்டலாமே தவிர, அது கட்டுப்படுத்தாது.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், 1,224 கோடி ரூபாய் செலவு, பி.எஸ்.என்.எல். நிறைவேற்றியது. சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே நொடிக்கு 2 × 200 கிகாபிட் திறன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014லேயே பரிந்துரைத்த கேபிள் இது. வந்து சேர்ந்தபோது கொரோனாவால் நாடெங்கும் லேப்கள் பூட்டிக் கிடந்தன! வேகம் வந்த நேரத்தில் அதை அனுபவிக்க மாணவர் யாரும் அந்த நாற்காலிகளில் இல்லை.

பற்றாக்குறையும் எல்லா இடத்திலும் ஒரே நாளில் தீர்வதில்லை. கேபிள் மத்திய அந்தமானில் ரங்கத்தில் கரையேறுகிறது. மாயாபந்தர் அதற்கும் வடக்கே, சாலைவழிப் பயணத் தூரத்தில் இருக்கிறது. தலைநகரக் கல்லூரிக்கும் மாயாபந்தர் கல்லூரிக்கும் ஒரே தாளை அச்சடித்து அனுப்புவது நிர்வாகத்துக்குச் சுலபம். ஆனால் கடைசிக் கிலோமீட்டரின் வேகத்தை அளந்து பார்க்காமல் எழுதும் பதிவிறக்கத் தடைக்கு அடிப்படை இல்லை.

பங்கீட்டின் காரணம் வலுவிழந்த இடத்தில் கண்காணிப்பின் காரணம் வந்து உட்கார்ந்தது. கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் இட்ட ஆணை, அரசு நிறுவனங்களும் தங்கள் அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்பு மீறலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பழைய பதிவேட்டில் பெயரும் நேரமும் மட்டும் இருந்தன. வரிசையில் அடுத்தவருக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று சொல்வதே அதன் வேலை. புதிய பதிவு யார் எங்கே போனார் என்றும் சொல்லவல்லது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதைக் கட்டுப்படுத்துகிறது. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகளும் உண்டு. முதலாண்டு மாணவர் பலருக்கு வயது 17. இந்தப் பதிவை யார் பார்க்கலாம், 180 நாள் கழிந்ததும் யார் அழிப்பார் என்பதற்கு விதித்தாளில் இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரிகளைத்தான் முதலில் எழுத வேண்டும்.

பதிவிறக்கக் கட்டுப்பாடுகளும் ஓயவில்லை. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் 2025 ஜனவரி முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டன. பதிப்பகங்களின் உரிம ஒப்பந்தங்கள் வழக்கமாக மொத்தமாக இறக்குவதைத் தடுக்கின்றன; ஒரு மாணவர் மீறினால் கல்லூரி முழுவதுக்கும் அணுகலை நிறுத்துவதும் உண்டு. இந்தத் தடையை எழுதுபவர் அதன் பக்கத்திலேயே காரணத்தையும் எழுதிவைத்தால், 512 கிலோபிட் காலத்துத் தாளுக்கு நேர்ந்தது இதற்கு நேராது.