ஒத்தை சைக்கிள் பந்தயம்

1894, ஜூலை 21. லண்டனிலிருந்து வடக்கே போகிற பெரிய சாலையில் 50 மைல் சைக்கிள் பந்தயம். கும்பலாகப் பாய்ந்து வந்த சைக்கிள்களைப் பார்த்து, எதிரே ஒரு பெண்மணி ஓட்டிவந்த வண்டியின் குதிரை மிரண்டுவிட்டது. அவ்வளவுதான், வீரர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். விழுந்தவர்களில் பிட்லேக் என்கிற மூன்று சக்கர சைக்கிள் சூரரும் ஒருவர்.

விவகாரம் போலீஸ்வரை போனது. சாலையில் பந்தயம் விட்டால் தொலைத்துவிடுவோம் என்று கெடுபிடி. பயந்துபோன சைக்கிள் சங்கமே சாலைப் பந்தயத்துக்குத் தடை போட்டது.

பிட்லேக் யோசித்தார். கும்பலாகப் போனால்தானே பந்தயம்? ஒவ்வொருத்தராக, இடைவெளி விட்டு அனுப்பினால்? பார்க்கிறவனுக்கு யாரோ ஒருத்தன் வேலைக்குப் போகிற மாதிரிதானே இருக்கும்! 1895, அக்டோபர் 5 அன்று நார்த் ரோடு சைக்கிள் கிளப் அப்படி ஒரு 50 மைல் போட்டியை நடத்தியது. பிற்பாடு இது முழு ரகசியமாகவே ஆனது. விடியற்காலையில் கிளம்புவார்கள். தோளிலிருந்து கணுக்கால்வரை கறுப்பு உடை. பாதைக்குக்கூட ரகசியக் குறியீடு. பக்கத்தில் போட்டியாளர் கிடையாது. எதிரி, கடிகாரம் மட்டும்தான். 'டைம் டிரையல்' பிறந்த கதை இதுதான்.

நம்மூர்ப் பிள்ளைகள் பிட்லேக்கைக் கேள்விப்படாமலே இதே பந்தயத்தை நடத்தினார்கள். அங்கே காரணம் போலீஸ் பயம். இங்கே காரணம், இருந்தது ஒரே சைக்கிள்!

வாடகை சைக்கிள் கடை ஞாபகம் இருக்கிறதா? பேரையும் நேரத்தையும் கடைக்காரர் நோட்டில் குறித்துக்கொள்வார். ஒரு மணி நேர வாடகையை நாலு பேர் பங்கு போட்டால் தலைக்குக் கால் மணி. ஒருத்தன் குரங்குப் பெடல் போட்டு ஒரு ரவுண்டு போய்வர, மற்றவர்கள் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவார்கள்.

கோவில்பட்டிப் பக்கம் இதற்குக் கூடுதல் நிபந்தனைகள் உண்டு. அது கரிசல் பூமி. மழை பெய்தால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. நாம் சைக்கிளில் போவது போய், சைக்கிள் நம் தோளில் வரும். தார் ரோட்டுக்கு வந்தாலோ, ஆடிக் காற்று! தெற்கே கயத்தாறில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்தார்கள்?

"போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. கணக்கு நேராகிவிடுமே" என்பீர்கள். ஆகாது. காற்றில்லாத நாளில் மணிக்கு 30 கிலோமீட்டர் போகிறவர், 20 கிலோமீட்டர் போய்த் திரும்ப 80 நிமிடம். காற்றடிக்கும் நாளில் போகும்போது வேகம் 20, வரும்போது 40 என்று வையுங்கள். போக 60 நிமிடம், வர 30 நிமிடம். ஆக, 90. பத்து நிமிடம் நஷ்டம்! காற்று வாங்கிய கடனை முழுசாகத் திருப்பித் தருவதே இல்லை.

சரி, இந்த ஒத்தை சைக்கிள் பந்தயத்தில் எண்ணுகிற வேலை பெரும்பாலும் யாருக்கு? தங்கச்சிக்கு. அண்ணன்மார் முறைவைத்து ஓட்டுவார்கள். அவள் முறை மட்டும் வராது. "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு சைக்கிள்?" இங்கிலாந்தில் போலீஸ் போட்ட தடையை இங்கே திண்ணை போட்டது.

அதை உடைத்துக் காட்டியது புதுக்கோட்டை. 1991-ல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஆதரவோடு, எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்தபடி புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் வந்தார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதை நேரில் போய் எழுதினார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் தயங்கவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தது. முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாமே!

இன்று குடும்பத்தோடும் நண்பர்களோடும் ஞாயிற்றுக்கிழமை டைம் டிரையல் விடுகிறவர்கள் உண்டு. நீங்களும் விடுவதானால் நாற்கரச் சாலை வேண்டாம். வண்டி குறைந்த ஊர்ச்சாலை போதும். நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புங்கள்.

கடிகாரத்தை மட்டும் இந்தத் தடவை அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்.