கிரண்: பக்கத்து சீட்டு வாத்தியார்

பெங்களூரில் சுரஞ்சன் தாஸ் ரோட்டு டிராஃபிக்கில் நின்று புலம்பாத நம்மாட்கள் குறைவு. யாருப்பா அந்த தாஸ் என்று என் பையன் கேட்டான். ஹெச்ஏஎல்-லின் சோதனை விமானி. 1964 செப்டம்பர் 4-ம் தேதி 'கிரண்' பயிற்சி ஜெட்டை முதன்முதலில் மேலே கொண்டுபோனவர். 1970 ஜனவரியில் மாருத் போர் விமானத்தைச் சோதிக்கும்போது விழுந்து இறந்தார்.

கிரணை வடிவமைத்த குழுவுக்குத் தலைவர் வி.எம்.காட்கே. எஞ்சின் பிரிட்டனின் வைப்பர். என்னைக் கவர்ந்தது அதன் இருக்கை அமைப்புதான். முன்னே பின்னே இல்லாமல் வாத்தியாரும் மாணவனும் பக்கத்துப் பக்கத்தில். பையன் கை நடுங்குகிறதா, எந்த மீட்டரைப் பார்க்கிறான், எல்லாம் வாத்தியாருக்குத் தெரியும். ப்ரொப்பெல்லர் விமானத்தில் பழகியவனுக்கு ஜெட் வேறு உலகம். த்ராட்டிலைத் தள்ளியதும் வேகம் வந்துவிடாது, எஞ்சின் நிதானமாகத்தான் முறுக்கேறும். இறங்கும் நேரத்தில் இதை மறந்தால் கதை முடிந்தது. இப்படிச் சொல்லித்தரும் வாத்தியார்களையே உருவாக்கும் பள்ளி நம்ம தாம்பரத்தில் இருக்கிறது, தெரியுமோ? அங்கேயும் கிரண் பறந்தது.

வயிற்றெரிச்சல் இனிமேல்தான். கிரணில் படித்த பையன்கள் பலர் அடுத்து ஏறியது மிக்-21-ல். ஒலியை மிஞ்சும் வேகம், 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையிறங்கும் முரட்டுக் குதிரை. இரண்டுக்கும் நடுவே ஒரு படி வேண்டும், உயர்நிலைப் பயிற்சி ஜெட் வாங்குங்கள் என்று லா ஃபோன்டெய்ன் கமிட்டி 1982-லேயே சொல்லியது. ஹாக் விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டது 2004-ல். படையில் சேர்ந்தது 2008-ல். இருபத்தாறு வருஷம்! அதற்குள் எத்தனை வீடுகளில் மாலை போட்ட போட்டோ. விழுந்ததெல்லாம் மிக்-கின் குற்றம் என்று பேப்பர்கள் எழுதின. ஃபைல் நகராததும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

ஓய்வெடுக்க வேண்டிய கிரணுக்கு 2009-ல் இன்னொரு சுமை. ஆரம்பப் பயிற்சிக்கான தீபக் விமானங்களை நிறுத்திவிட்டார்கள். 2013-ல் பிலாட்டஸ் வரும்வரை அ, ஆ சொல்லித்தருவதும் கிரண் தலையில்தான். அதன் இடத்துக்கு வர வேண்டிய சிதாரா 2003-லேயே பறந்தும், சோதனையைத் தாண்டிப் படைக்கு வரவில்லை.

2023 ஜூன் 1-ம் தேதி பெங்களூரிலிருந்து கிளம்பிய ஒரு கிரண் சாம்ராஜ்நகர் பக்கம் விழுந்தது. நல்லவேளை, இரண்டு பேரும் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார்கள்.