இரைப்பையைச் சுருக்கும் சிகிச்சை: எழுபது ஆண்டு வரலாறு நமக்குச் சொல்வது என்ன?

சேலம் ஜங்ஷன் ரயில் நிலையம் நம் சூரமங்கலத்தில்தான் அமைந்துள்ளது. மருத்துவத்திற்காகக் கோவைக்கும் சென்னைக்கும் செல்வோர் இங்கிருந்தே வண்டி ஏறுகின்றனர். உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சையை நாடிச் செல்வோரும் இன்று அவர்களுள் உளர். அச்சிகிச்சை பாதுகாப்பானதா, அதன் பலன் நிலைக்குமா, மார்க்கம் அதை அனுமதிக்கிறதா என்னும் மூன்று வினாக்களுக்கும் வரலாற்றில் விடை தேடுவோம்.

மிகு உடல் எடையை ஒரு நோயாகக் கண்டது இக்காலம் மட்டுமன்று. பத்தாம் நூற்றாண்டில் லியோன் நாட்டு மன்னர் முதலாம் சான்சோ, அளவு கடந்த பருமனால் அரியணையையே இழந்தார். கிறிஸ்தவ மன்னரான அவர் சிகிச்சை தேடிச் சென்றது கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் குர்துபாவுக்கு. அரசவை மருத்துவராகிய யூத அறிஞர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் உணவுக் கட்டுப்பாட்டின் மூலம் அவரை மெலியச் செய்தார். கலீஃபாவின் துணையோடு சான்சோ மீண்டும் அரியணை ஏறினார். அடுத்த நூற்றாண்டில் இப்னு சீனாவும் தமது ‘அல்கானூன்’ நூலில் மிகு பருமனின் கேடுகளை விளக்கினார்.

கத்தியைக் கொண்டு எடையைக் குறைக்கும் முயற்சி 1954இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கியது. சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாதவாறு இணைப்பை மாற்றினர். எடை வேகமாகக் குறைந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல ஈரல் செயலிழப்பு, சிறுநீரகக் கல், சத்துக் குறைபாடு ஆகியன தோன்றின, அம்முறை கைவிடப்பட்டது. முதல் சில மாதங்களின் வெற்றியைக் கண்டு ஒரு சிகிச்சையை மதிப்பிடலாகாது என்பதே இவ்வரலாற்றின் முதற்பாடம்.

1966இல் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலுடன் இணைக்கும் பைபாஸ் முறையைக் கண்டார். 1990களில் இது சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறைக்கு மாறியது. இந்தியாவில் லேப்ராஸ்கோப்பியை வளர்த்தோருள் ஒருவரான மருத்துவர் சி. பழனிவேலு நம் அண்டை மாவட்டமான நாமக்கல்லில் பிறந்தவர். கோவை ஜெம் மருத்துவமனையை நிறுவியவர். இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றிக் குழாய் போலாக்கும் ‘ஸ்லீவ்’ முறை 2000க்குப் பின்னரே தனிச் சிகிச்சையாகப் பரவியது.

நீண்டகாலப் பலனை அறிய நம்மிடம் உள்ள சிறந்த சான்று சுவீடன் ஆய்வாகும். 1987 முதல் 2001 வரை, அறுவை செய்துகொண்ட 2,010 பேரும் வழக்கமான சிகிச்சை பெற்ற 2,037 பேரும் அதில் சேர்க்கப்பட்டனர். சராசரியாகப் பதினோரு ஆண்டுகள் கடந்தபோது முதற்குழுவில் 101 பேரும் இரண்டாம் குழுவில் 129 பேரும் இறந்திருந்தனர். 2020இல் வெளியான தொடர் ஆய்வின்படி, அறுவை செய்தோர் ஏனைய பருமனாளரைவிட ஏறத்தாழ 3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். எனினும் பொதுமக்களைவிட அவர்களின் ஆயுள் 5.5 ஆண்டுகள் குறைவாகவே இருந்தது. பலன் உண்மையானது, ஆனால் முழுமையானதன்று. மேலும், அவர்களுள் பெரும்பாலோர் இன்று அரிதாகிவிட்ட பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்கள். இன்று பெருவழக்காகிவிட்ட ஸ்லீவ் முறைக்கு அத்தனை நீண்ட வரலாறு இல்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2007இல் வெளிவந்த ஆய்வு வேறொன்றையும் காட்டியது. பைபாஸ் செய்தோரிடையே மொத்த இறப்பு 40 விழுக்காடும் நீரிழிவால் நேரும் இறப்பு 92 விழுக்காடும் குறைந்தன. ஆனால் விபத்து, தற்கொலை முதலிய காரணங்களால் நேர்ந்த இறப்பு 58 விழுக்காடு கூடியது. உடல் மெலிந்தவுடன் உள்ளத்தின் சுமையும் இறங்கிவிடும் என்று குடும்பத்தார் எண்ணிவிடக் கூடாது.

அறுவைக்குப் பின் இரும்புச்சத்து, பி12, கால்சியம், டி வைட்டமின் ஆகியன குறையக்கூடும். எனவே வாழ்நாள் முழுதும் சத்து மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் தேவை. பித்தப்பைக் கல் உண்டாகலாம். ஸ்லீவ் செய்தோருக்கு நெஞ்செரிச்சல் கூடலாம். சிலருக்கு இழந்த எடை திரும்பிவிடுகிறது. பெண்கள் ஓராண்டுக்கு மேலாகக் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.

அறுவை மேசையிலேயே ஆபத்து நேர்வது அரிது, ஆயினும் இல்லாததன்று. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரின் தனியார் மருத்துவமனை ஒன்றில் இச்சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. மயக்க மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவு, அம்மருத்துவரின் அனுபவம் ஆகியவற்றைக் கட்டணத்திற்கு முன்பாகவே விசாரித்தறிவது நம் கடமை.

மார்க்கத் தீர்ப்பும் இதையொட்டியே அமைந்துள்ளது. 2007இல் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, எடை ஒரு நோய்நிலையாக இருந்து, வேறு வழியில்லாமல், தீங்கிலிருந்து பாதுகாப்பும் இருக்குமானால் அறுவை மூலம் குறைப்பது ஆகும் என்று முடிவு செய்தது. அழகுக்காக மட்டும் செய்வது இந்நிபந்தனைகளுக்குள் அடங்காது. மருத்துவ உலகின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஆசிய மக்களுக்கு உடல் நிறை குறியீட்டு எண் 27.5ஐத் தாண்டினாலே சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. பரிசீலிக்கலாம் என்பது செய்தாக வேண்டும் என்பதன்று.

ரமளானைப் பற்றியும் ஒரு சொல். சுருங்கிய இரைப்பை ஒரே வேளையில் போதிய நீரை ஏற்காது. ஆகவே தொடக்க மாதங்களில் நோன்பு உடலை வாட்டக்கூடும். நோயாளிக்கு அல்லாஹ் வழங்கிய சலுகையை மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுப் பயன்படுத்துவது குறையாகாது.

வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு நீருக்கும் ஒரு பங்கு மூச்சுக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நம் வலீமா விருந்துகளில் அதை எத்தனை பேர் நினைவுகூர்கிறோம்? அதேவேளையில், நோயால் பருத்த சகோதரரை ‘வாயைக் கட்டாதவர்’ என்று ஏளனம் செய்வதும் நமக்குத் தகாது. பருமனுக்கு மரபணு, மருந்து, மனநிலை எனப் பல காரணங்கள் உள. சிகிச்சை தேவைப்படுபவர் தயங்காமல் செல்லட்டும்; தேவைப்படாதவர் விளம்பரத்தை நம்பி விரையாதிருக்கட்டும். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் கணக்கை நாமே சொல்ல வேண்டியிருக்கும்.