மதுவும் மோட்டார் உரிமமும்

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பழனி வழியாகத் திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், நூற்பாலைகளின் நூலும் தோப்புகளின் தேங்காயும் இரவு பகலாக லாரிகளிற் செல்கின்றன. உடுமலையில் தெற்கே திரும்பினால் சின்னாற்றைக் கடந்து மூணாறு ஏறும் மலைப்பாதை. இத்தகைய ஊரில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிவது ஓட்டுநர் உரிமம் என்னும் சிறு ஏட்டை நம்பியே. மது அருந்தி ஓட்டுவோரிடமிருந்து அவ்வேட்டைப் பறிக்கும் சட்டம் வளர்ந்த வரலாற்றைக் கூற விழைகின்றேன்.

இக்குற்றத்திற்காக முதன்முதல் தண்டனை பெற்றவர் லண்டன் வாடகை வண்டியோட்டி ஜார்ஜ் ஸ்மித் என்பர். 1897 செப்டம்பரில் தம் வண்டியைக் கட்டடமொன்றில் மோதினார், குற்றத்தை ஒப்புக்கொண்டார், 25 ஷில்லிங் அபராதம் செலுத்தினார். ஒப்புக்கொள்ளாதவனை என் செய்வது? பின்வந்த சட்டங்களையெல்லாம் அலைக்கழித்த கேள்வி இதுவே.

நம் நாட்டின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வண்டியை அடக்கி ஓட்ட இயலாத அளவுக்கு மது மயக்கத்தில் இருப்பதைக் குற்றமாக்கியது. 'இயலாத அளவு' எது? மருத்துவர் வாயை முகர்ந்தார், கண்மணியை நோக்கினார், நடக்கச் சொன்னார். நம் மாகாணத்தில் நிலை சற்றே வேறு. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணமெங்கும் பரவியது. குடித்தலே குற்றமாயிருந்த அந்நாளில், எவ்வளவு குடித்தான் என்று அளக்க வேண்டிய தேவை பெரிதும் எழவில்லை என்பது என் கருத்து. 1971இல் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் மோட்டார் விபத்து வழக்கொன்றில், வாயில் மது வாடை, தள்ளாட்டம், குழறிய பேச்சு, விரிந்த கண்மணி ஆகியவை மட்டும் போதா என்றது. சிறுநீர்ச் சோதனை நடவாமை அங்கு நேர்ந்த குறைகளுள் ஒன்று.

ஆகவே, அளவுகோல் தேவைப்பட்டது. நார்வே நாடு 1936இலேயே இரத்தத்தில் மதுவுக்கு வரம்பு விதித்திருந்தது. 1954இல் அமெரிக்கராகிய போர்க்கன்ஸ்டைன் மூச்சைச் சோதிக்கும் கருவியை ஆக்கினார். இரத்தத்தில் உள்ள மது நுரையீரலில் காற்றோடு கலப்பதால், ஊதிய மூச்சே இரத்தத்தின் நிலையைக் காட்டிவிடும். இந்தியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டம், 185ஆம் பிரிவில், எவ்வளவு சிறிதாயினும் குற்றமே என்றது. 1994இல் அதனைத் திருத்தி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் என வரையறுத்தனர். மருத்துவரின் கருத்து நின்ற இடத்தில் ஓர் எண் வந்து நின்றது.

2,000 ரூபாயாக இருந்த அபராதம் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 10,000 ஆயிற்று. தமிழகத்தில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. எனினும் ஓட்டுநர் அஞ்சத்தக்கது வேறு. இக்குற்றம் மெய்ப்பட்டால், ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஓட்டும் தகுதியை நீக்க வேண்டும் என்று 20ஆம் பிரிவு நீதிமன்றத்தைக் கட்டாயப்படுத்துகின்றது. அபராதத்தைக் கடன் வாங்கியேனும் கட்டலாம். ஆறு மாத வேலையை எவரிடம் கடன் வாங்குவது? லாரி உரிமையாளர் அதற்குள் வேறோர் ஆளை அமர்த்தியிருப்பார்.

கடுமை மிகையெனத் தோன்றுவோர் மும்பையை நினைக்கலாம். 2006 நவம்பரில், பாந்த்ராவின் கார்ட்டர் சாலையோரம் உறங்கிய தொழிலாளர்மீது மது அருந்தியிருந்த ஒருவரின் கார் ஏறியது, எழுவர் மாண்டனர். அது வெறும் கவனக்குறைவன்று, கொலையாகாத மரணம் விளைத்த குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதிசெய்தது. ஓட்டியவருக்கு மூன்றாண்டுச் சிறை.

பின்னர்ச் சட்டத்தின் பார்வை ஓட்டுநரை விட்டுக் கடையை நோக்கித் திரும்பியது. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த தமிழக வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் ஆணையிட்டது. 2017 மார்ச்சில், சிற்றூர்களுக்கு அத்தூரம் 220 மீட்டராகக் குறைந்தது. ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் அவ்வாணை பொருந்தாது என விளக்கம் வந்தது. உடுமலைப்பேட்டை ஒரு நகராட்சி.